பத்து விளக்குக்கு ஒரு ரிமோட்

நவம்பர் 3, திங்கள்

நான் தூங்கிவிட்டேன் என்று சொல்கிறார்கள். தூங்கவில்லை. விழித்துத்தான் இருந்தேன்.

இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். இந்த முதியோர் இல்லத்தில் ஒரு பேச்சு சாப்பாட்டு மேசையில் மூன்று நாள் புழங்கினால் பதிவேட்டில் ஏறிவிடும். ஏறியதை யாரும் திருத்துவதில்லை. அக்டோபர் 18ஆம் தேதிப் பக்கத்தைத் தலைவி சிஸ்டர் பவுலா எனக்கு வாசித்துக் காட்டினார்: “அறை எண் 14. திருமதி மெடில்டா கொரேரா, வயது 78. மெழுகுவர்த்தி எரியும்போதே உறங்கிவிட்டார். சன்னல் திரை எரிந்தது. பக்கத்து அறை ரோசலின் மோத்தா தண்ணீர் ஊற்றி அணைத்தார்.”

அன்று என் கணவரின் நினைவு நாள். மாலை ஐந்து மணி. அவர் படத்துக்கு முன் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவது பத்தில், ஏழாவது மணியில் இருந்தேன். தூங்குகிறவளுக்கு எத்தனையாவது மணி என்று தெரியாது.

விழித்திருந்தவள் ஏன் எழுந்து அணைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றும் இல்லை.

இதன் பலனாக இல்லம் முழுவதும் நெருப்புக்குத் தடை. சிற்றாலயத்தில்கூடப் பேட்டரி விளக்கு. டிசம்பர் 2 அன்று நிர்வாகக் குழு கூடி, என்னை மாடியிலேயே வைத்திருப்பதா, கீழே அனுப்புவதா என்று முடிவெடுக்கும். கீழே என்றால் பராமரிப்புப் பிரிவு. ஓர் அறைக்கு இரண்டு பேர். கதவில் உள்தாழ்ப்பாள் கிடையாது. குளியலறைக்குள்ளும் ஆள் கூடவே வரும். பதினொரு வருடமாக என் கதவை நானே தாழிட்டு நானே திறக்கிறேன்.

இதற்கிடையில், இல்ல நாள் நாடகத்தை வழக்கம்போல நான்தான் நடத்தித் தர வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார். நவம்பர் 30, ஞாயிறு. குழு உறுப்பினர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். ஒப்புக்கொண்டேன். பத்துக் கன்னியர் உவமையைத் தேர்ந்தேன். மணவாளனை எதிர்கொள்ளப் பத்துப் பெண்கள் விளக்கோடு காத்திருக்கிறார்கள். ஐந்து பேர் முன்மதியோடு கூடுதல் எண்ணெய் கொண்டுவருகிறார்கள், அறிவிலிகளான ஐந்து பேர் கொண்டுவரவில்லை. அவன் வரத் தாமதமாகிறது. எண்ணெய் இல்லாத ஐந்து விளக்கும் அணைகின்றன. அந்த ஐந்து பேரும் வெளியே நிற்க, கல்யாண வீட்டுக் கதவு சாத்தப்படுகிறது. விளக்குகள் நேரத்துக்கு எரிந்து நேரத்துக்கு அணைந்தால் நாடகம் முடிந்தது. அதை ஒழுங்காகச் செய்து காட்டினால் என் கவனத்தைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

நவம்பர் 5, புதன்

மெழுகுவர்த்திகள் வந்தன. எல்.இ.டி. தூத்துக்குடி பஜாரில் சிஸ்டரே போய் வாங்கியிருக்கிறார். இரண்டு பெட்டி, பெட்டிக்கு ஆறு, பெட்டிக்கு ஒரு ரிமோட்.

தொட்டுப் பார்த்தேன். புதுச் சோப்பைப் போல வழவழப்பு. அடியில் ஒரு மூடி, அதற்குள் பேட்டரி. உச்சியில் சுடரின் வடிவத்தில் வெட்டிய பிளாஸ்டிக் நாக்கு. அதுதான் ஆடுகிறதாம். மணம் இல்லை. கையை மேலே நீட்டினால் சூடு இல்லை. நல்ல மெழுகுவர்த்தி ஓர் அறைக்குள் இருந்தால் கதவைத் திறக்கும்போதே தெரியும்.

“இது எரிகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேட்டேன்.

“பாத்தாத் தெரியும்லாக்கா,” என்றாள் ரோசலின்.

அவள் எதற்கும் இப்படித்தான் பதில் சொல்வாள். அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தவள். எழுபத்தொரு வயது. எந்நேரமும் யூகலிப்டஸ் தைல வாடை.

செய்தித்தாளை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இப்போது அச்சு மகா மட்டம். நடுப்பகுதி எப்போதும் கலங்கியே இருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

பாத்திரங்களைப் பிரித்தேன். எளிதாக இல்லை. பத்துப் பேருக்கும் முன்மதியுள்ள கன்னியாகத்தான் நடிக்க வேண்டுமாம். பிள்ளைகளும் மருமக்களும் வந்து உட்கார்ந்திருக்கும்போது அறிவிலி என்று பெயர் வாங்க யாருக்கும் மனமில்லை.

வியாகுலம்மாளுக்கு வேறு சங்கடம். “எனக்குப் புள்ள ஏழு. ஏழாவது மவன் முன்வரிசைல இருப்பான். அவன் முன்னாடி நான் கன்னின்னு வந்து நின்னா அவன் என்ன நெனப்பான்?”

“அவுக அப்பாவ நெனப்பான்,” என்றாள் ரோசலின். “நீங்க பேசாம விளக்கைப் பிடிங்க.”

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகு ரோசலின் தானாகவே அறிவிலிகளின் பக்கம் போய் நின்றாள். “எனக்குப் பழக்கந்தான். நாப்பது வருசம் டாக்டர்மார் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டாங்க.” அவள் பின்னால் இன்னும் நால்வர் போனார்கள். தங்கபுஷ்பத்துக்கு எண்பத்திரண்டு வயது, நான்கு கால் ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாது. அவரை முன்மதியுள்ளவர்களில் முதலாவதாக வைத்தேன். விளக்கு அணைந்த உடனே முதல் வசனம் அவருடையது. விளக்கை ஊன்றுகோலின் குறுக்குக் கம்பியில் கட்டிவிடலாம்.

மணவாளன் ஓட்டுநர் சூசை. இந்த இல்லத்தில் மீசை உள்ள ஒரே ஆள்.

நவம்பர் 8, சனி

மழை. பொத்தான் இரண்டு தைத்தேன். ஊசியில் நூல் கோக்க வியாகுலம்மாளைக் கூப்பிட்டேன். இப்போது வரும் ஊசிகளுக்குக் காது சரியாக இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

உடையும் பொருள்களும்.

நெருப்பு இல்லாததில் ஒரு வசதி உண்டு என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மெழுகுவர்த்தி என்றால் பருத்தி தவிர வேறெதையும் மேடையில் அனுமதிக்க மாட்டேன். கூந்தலை முடிந்து, முந்தானையைச் செருகி, திரைக்குப் பின்னால் இரண்டு வாளி மணல் வைத்துவிட்டுத்தான் ஒத்திகையே தொடங்குவேன். இப்போது நைலான் முக்காடு போடலாம். முக்காடு விளக்கின் மேல் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. பத்து வெள்ளை நைலான் முக்காடுகளை வெட்டச் சொன்னேன். விளிம்பு மடிப்பை விரலால் ஓட்டிப் பார்த்து மூன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

மெழுகுவர்த்தியை அப்படியே கையில் கொடுத்தால் மருந்துக்கடைப் பொருள் போல இருக்கும். தேங்காய்ச் சிரட்டைகளை வெளிப்புறம் தேய்த்து, பொன்தாள் ஒட்டி, உள்ளே பஞ்சு அடைத்து, அதன்மேல் மெழுகுவர்த்தியை உட்கார வைத்தோம். பாதி உயரம் வெளியே நிற்கிறது. முதல் பெட்டியில் ஐந்து முன்மதியுள்ளவர்களுக்கு. இரண்டாம் பெட்டியில் ஐந்து அறிவிலிகளுக்கு. பெட்டிக்கு ஒன்று மிச்சம். அந்த இரண்டையும் சூசையின் அட்டைக் கிரீடத்தில் முன்னும் பின்னும் பொருத்தியாயிற்று. மண்டை சூடாகாத கிரீடம் இதுதான் முதல் தடவை என்றான். இதற்கு முன் எத்தனை கிரீடம் வைத்திருந்தான் என்று கேட்டேன்.

அறிவிலிகளின் ரிமோட்டில் ஒரு ரப்பர் வளையம் சுற்றி வைத்திருக்கிறேன். திரை மறைவில் இருந்து நானே அழுத்துவேன். மற்றவர்களிடம் கொடுத்தால் அவசரப்படுவார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

விளக்குகளோடு முதல் ஒத்திகை. மணவாளன் தாமதிக்கிறான், எல்லோரும் தூங்கி வழிகிறார்கள், நான் வளையம் சுற்றிய ரிமோட்டை அழுத்துகிறேன், அறிவிலிகளின் ஐந்து விளக்கும் அணைகின்றன.

நன்றாக வந்தது. அழுத்தியதும் ஒரு நொடி எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. முன்மதியுள்ளவர்களின் முகத்தில் வெளிச்சம் விழும் உயரம் சரியாக இருக்கிறது, அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வியாகுலம்மாள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ரோசலின் தேவையில்லாமல் உரத்த குரலில் தன் வசனத்தைச் சொன்னாள்: “எங்கள் விளக்குகள் அணைந்து போயின!” சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.

நவம்பர் 16, ஞாயிறு

என் மகன் கிளாரன்ஸ் மஸ்கட்டிலிருந்து பேசினான். 29ஆம் தேதி வருகிறானாம்.

“மம்மி, கீழே போனா நல்லதுதானே? எப்பவும் ஆள் இருக்கும்.”

“யார் சொன்னார்கள்?”

“யாரும் சொல்லல. நானா யோசிச்சேன்.”

அவன் சின்ன வயதிலும் இந்தப் பதிலைத்தான் சொல்வான். நாடகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய் என்றேன்.

நவம்பர் 19, புதன்

மூன்றாம் ஒத்திகை. நன்று. அறிவிப்புப் பலகையில் யாரோ பாதி அழிந்த சாக்பீஸால் எழுதுகிறார்கள். சிஸ்டரிடம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 21, வெள்ளி

நான்காம் ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு சூசை கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

“அம்மா, எல்லாம் சூப்பர். அந்த ரிமோட் ஒண்ணு மட்டும் சரி பண்ணிட்டா போதும்.”

“எந்த ரிமோட்?”

“நீங்க அமுக்குனா பத்தும் அணையுதுல்லா. என் கிரீடமும் சேந்து அணையுது. ரெண்டு ரிமோட்டும் ஒண்ணுதான் போல. எந்தப் பெட்டி ரிமோட்ட அமுக்குனாலும் எல்லாம் கேக்குது. நம்ம ஊரு டி.வி. ரிமோட் பக்கத்து வீட்டு டி.வி.ய மாத்துமே, அது மாதிரி.”

“தெரியும்,” என்றேன். “அதற்கு வழி செய்கிறேன்.”

“நானும் அதான் நெனச்சேன். அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்னு.”

நான்கு ஒத்திகைகள். நான்கிலும் பத்து விளக்கும் அணைந்திருக்கின்றன. இருட்டில் நின்றவர்களின் முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறது என்று நான் நான்கு தடவை சொல்லியிருக்கிறேன். பத்துப் பேரும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

நவம்பர் 22, சனி

யாரோடும் பேசவில்லை. சிற்றாலயத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். பேட்டரி விளக்கு எரிந்ததா என்று சொல்ல முடியாது.

நவம்பர் 24, திங்கள்

காலையில் பத்துப் பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: “விளக்குகள் எல்லாம் அணைவது எனக்கு முதல் நாளே தெரியும். உங்களில் யார் வாய் திறந்து சொல்வீர்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை.”

“அப்படியாக்கும்,” என்றாள் ரோசலின். மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். தங்கபுஷ்பம் என் கையைப் பிடித்து, “ஒங்க மனசு நோகக்கூடாதுன்னுதாம்மா,” என்றார். கையை விடுவித்துக்கொண்டேன்.

மதியம் ரோசலின் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லும் முன்பே கட்டிலில் உட்கார்ந்தாள். தைல வாடையில் தெரிந்தது. கட்டில் சத்தத்திலும்.

“எத்தனை விரல்?” என்றாள்.

“என்ன அசட்டுத்தனம் இது?”

“கைய நீட்டவேயில்ல அக்கா. சும்மாதான் கேட்டேன். நீட்டலன்னு நீங்க சொல்லலையே.”

நான் எழுந்து சன்னல் பக்கம் போனேன். புதுத் திரை போட்டிருக்கிறார்கள். பழையதைவிடக் கனம்.

“அன்னிக்கு நீங்க தூங்கல,” என்றாள். “நான் கதவத் தள்ளிட்டு வந்தப்ப திரை பாதிக்கு மேல எரிஞ்சுட்டு. நீங்க அதுக்கு நேரா முகத்த வச்சு மணி உருட்டிட்டு இருந்தீங்க. அப்புறந்தான் தண்ணி எடுக்க ஓடுனேன்.”

“எனக்கு அன்று சளி. வாடை தெரியவில்லை. சூடு தெரிந்தது. மெழுகுவர்த்தி நன்றாக எரிகிறது என்று நினைத்தேன்.” இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவ்வளவு பெரிய விஷயமாகவும் தோன்றவில்லை. “பிறகு சிஸ்டர் விசாரித்தபோது நான் தூங்கிவிட்டேன் என்று யார் சொன்னது?”

“நான்தான்.”

ஐந்து வாரமாக யார் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

“தூக்கம் எல்லாருக்கும் வரும்க்கா. தூங்கிட்டாங்கன்னு சொன்னா ஒரு திட்டு திட்டி விட்டுருவாங்கன்னு நெனச்சேன். கண்ணு தெரியலன்னு சொன்னா அன்னிக்குச் சாயங்காலமே பெட்டியக் கட்டிக் கீழ கொண்டு போயிருப்பாங்க. நான் சொன்னது பதிவேடு வரைக்கும் போகும்னு எனக்கு என்ன தெரியும்?”

“என்னைக் கவனம் இல்லாதவள் என்று எழுத வைத்திருக்கிறாய்.”

“பின்ன குருடின்னு எழுதச் சொல்லவா?”

“அது பொய் இல்லையே,” என்றேன். “முழுக்க உண்மையும் இல்லை. ஓரங்கள் தெரிகின்றன. நடுவில்தான் ஒன்றும் இல்லை. மதுரையில் இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்னார்கள். கண்ணாடி போட்டுத் தீராதாம்.”

“என் மூஞ்சி தெரியுமா?”

“உன் காது தெரியும். தோடு போடாமல் இருக்கிறாய்.”

அவள் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். அழுதால் வெளியே போய் அழு என்றேன். போகவில்லை.

நவம்பர் 26, புதன்

வழி கிடைத்தது. மெழுகுவர்த்தியின் பக்கவாட்டில், நடு உயரத்தில், ஒரு சிறு குழி விரலில் படுகிறது. ரிமோட்டின் கட்டளை அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதை மறைத்தால் மெழுகுவர்த்திக்கு எதுவும் கேட்காது. ரோசலினைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அழுத்துவது நான், எரிகிறதா என்று சொல்வது அவள். உள்ளங்கையால் மூடினால் எரிந்துகொண்டே இருக்கிறது. விலக்கினால் அணைகிறது.

கறுப்பு டேப் ஒட்டலாம் என்றான் சூசை. வெள்ளை மெழுகில் கறுப்புப் பொட்டு முன்வரிசைக்குத் தெரியும் என்று மறுத்துவிட்டேன். பிடிக்கும் விதத்தை மாற்றினேன். முன்மதியுள்ளவர்கள் மெழுகுவர்த்தியை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க வேண்டும். அறிவிலிகள் சிரட்டையின் விளிம்பை மட்டும் விரல் நுனியில் பிடிக்க வேண்டும். பார்க்கவும் அது பொருத்தமாகவே இருக்கும். தங்கபுஷ்பத்தின் விளக்கை ஊன்றுகோலிலிருந்து அவிழ்த்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் கொடுத்தாயிற்று.

ஐந்து அணைந்து ஐந்து எரிந்ததாக ரோசலின் சொன்னாள். மூன்று தடவை செய்து பார்த்தோம்.

“மேடையில நான் ஒரு இருமல் இருமட்டுமா? எல்லாம் சரின்னா ஒண்ணு, தப்புன்னா ரெண்டு.”

வேண்டாம் என்றேன். இருமுகிற கன்னியை என் நாடகத்தில் வைக்க மாட்டேன்.

நவம்பர் 29, சனி

கிளாரன்ஸ் வந்தான். இளைத்திருக்கிறானா என்று தெரியவில்லை. தோளைத் தொட்டுப் பார்த்ததில் இல்லை என்றுதான் படுகிறது. பேரீச்சம்பழம் கொண்டுவந்தான்.

நவம்பர் 30, ஞாயிறு

நாடகம் நான்கரை மணிக்கு. கூடத்தின் சன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். முன்வரிசையில் குழுவினர் ஐந்து பேர், சிஸ்டர், என் மகன். பின்னால் உறவினர்கள் எழுபது எண்பது பேர். நான் மேடையின் வலப்பக்கத் தட்டிக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தேன். சூசை மணவாளனாகக் கூடத்தின் வாசல் வழியாக வர வேண்டும் என்பதால் வெளியே நின்றான். என் பக்கத்தில் யாரும் இல்லை. நான்தான் யாரும் வேண்டாம் என்றிருந்தேன்.

தொடக்கம் குறையில்லை. பத்துப் பேரும் விளக்கோடு வந்தபோது கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது, அதனால் விளக்குகள் எரிகின்றன என்று அறிந்தேன். வியாகுலம்மாளின் மகன்தான் காரியத்தைக் கெடுத்தான். படம் எடுப்பதற்காக எழுந்து வந்து, “அம்மா, விளக்க மேல தூக்குங்க! முகம் தெரியல!” என்று கத்தினான். உடனே மற்றப் பிள்ளைகளும். “ஆச்சி, இங்க பாருங்க, தூக்குங்க!”

நான் அதே சமயம் ரிமோட்டை அழுத்திவிட்டேன்.

கூடத்தில் முணுமுணுப்பு. அதற்குப் பிறகு தங்கபுஷ்பத்தின் வசனம் வர வேண்டும். வரவில்லை. ஒருவரும் பேசவில்லை.

அந்த நேரத்தில் நான் யோசித்ததை அப்படியே எழுதுகிறேன். பிள்ளைகள் கேட்டதற்காக முன்மதியுள்ளவர்கள் விளக்கைத் தூக்கியிருந்தால், உள்ளங்கை விலகியிருக்கும். பத்தும் அணைந்திருக்கும். அப்படியானால் மறுபடியும் ஏற்ற வேண்டும். ஆனால் ஐந்து மட்டும் அணைந்திருந்து, தங்கபுஷ்பம் வசனத்தை மறந்திருந்தால், நான் ஏற்றும் பொத்தானை அழுத்தினால் அறிவிலிகளின் விளக்கு எரிந்துவிடும். கதை அதோடு போயிற்று. இரண்டில் எது என்று தெரியாமல் என் விரலை அசைக்க முடியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி கேட்பது. மெல்லக் கேட்டால் மேடைக்குக் கேட்காது.

“எத்தனை எரிகிறது?” என்று கேட்டேன்.

பள்ளியில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கேட்டது.

“ஒண்ணும் எரியலக்கா,” என்றாள் ரோசலின் மேடையிலிருந்து. “எல்லாம் போச்சு.”

“அறிவிலிகள் ஐந்து பேரும் விளக்கைக் கீழே வைத்து முக்காட்டை நாலாக மடித்து அதனால் மூடுங்கள். கையையும் மேலே வையுங்கள். மற்றவர்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கள். ஆயிற்றா?”

“இருங்க, இவ முக்காடு மாட்டிக்கிட்டு... ம், ஆச்சு.”

அழுத்தினேன்.

“இப்போது எத்தனை?”

“அஞ்சு.”

“யாருடையவை?”

“அவுகளோடதுதான்க்கா. எங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

“தங்கபுஷ்பம், உங்கள் வசனம்.”

தங்கபுஷ்பம் ஒரு சொல் விடாமல் சொன்னார். சூசை உள்ளே வந்தான். அவன் கிரீடமும் எரிந்திருக்க வேண்டும், குழந்தைகள் கூச்சலிட்டார்கள். கதவு சாத்தப்பட்டது, அறிவிலிகள் வெளியே நின்றார்கள், ரோசலின் கதவைத் தட்டிய தட்டில் தட்டி ஆடியது. கைதட்டல் நீண்டது. பாதி நாடகத்துக்கு, பாதி எதற்கென்று தெரியும்.

படியிறங்கும்போது கிளாரன்ஸ் என் முழங்கையைப் பிடித்தான். வழக்கமாக நான் அனுமதிப்பதில்லை.

“எப்பயிருந்து மம்மி?”

“இரண்டு வருடம்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்?”

அவன் என்னை நாற்காலி வரை கூட்டிவந்து உட்கார வைத்தான். பிறகு அவனும் சிஸ்டரும் அலுவலக அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

காலையில் பதினைந்தாம் எண் கதவைத் தட்டினேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. ரோசலினிடம் ஒன்று கேட்டேன். உடனே சரி என்றாள். யோசித்துச் சொல் என்றேன். “யோசிச்சுட்டேன், காப்பி குடிக்கீங்களா?” என்றாள்.

பிறகு ஓர் அட்டையின் விளிம்பை வரியாக வைத்துக் குழுவுக்கு இந்தக் கடிதத்தை எழுதினேன். நகலை இங்கே வைக்கிறேன்.

“நிர்வாகக் குழுவினருக்கும் சிஸ்டர் பவுலாவுக்கும்,

நாளை நீங்கள் கூடுவதற்கு முன் உண்மை நிலை உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அக்டோபர் 18 அன்று நான் உறங்கவில்லை. திரை எரிவதை நான் காணவில்லை. இரண்டு கண்களிலும் நடுப்பார்வை போய்விட்டது. நேற்று கூடத்தில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இதை நான் மறைத்தேன். அது என் தவறு, என்னுடையது மட்டும்.

பார்வை குறைந்தவளை மாடியில் தனி அறையில் வைக்க நீங்கள் தயங்குவது நியாயம். அதற்கு நான் தருவது இது. இனி என் அறையில் நெருப்பு இருக்காது. மின்சாரக் கெட்டிலை இத்துடன் ஒப்படைக்கிறேன். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடிய பூட்டு ஒன்று பொருத்துங்கள். ஒரு சாவி என்னிடம் இருக்கும். இன்னொன்று அறை எண் 15, ரோசலின் மோத்தாவிடம் இருக்கும். காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அவர் தட்டுவார். நான் பதில் சொல்லாவிட்டால் திறப்பார். இது அவர் முன்வந்து சொன்னது அல்ல. நான் கேட்டேன், அவர் ஒப்புக்கொண்டார். இந்த ஏற்பாடு ஆறு மாதத்துக்குள் ஒரு முறை தவறினாலும் நான் கீழே வருகிறேன், மறுபேச்சு இருக்காது.

இதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் பொறுப்பு. என்னைப் பற்றிய முடிவை என் மகனிடமோ வேறு யாரிடமோ வாயால் சொல்லி அனுப்ப வேண்டாம். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் காரணத்தோடு எழுதுங்கள். கறுப்பு மையில், ஒவ்வோர் எழுத்தும் ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாமல் இருந்தால், ஓரக்கண்ணால் நானே வாசித்துக்கொள்வேன். எத்தனை தாள் ஆனாலும் பரவாயில்லை. செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.”